அந்த எட்டை எழுதியவர் யார்

போன மாதம் நித்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். அலுவலகத்தின் பழைய சர்வரை மாற்றுகிறார்களாம். புரோகிராம்களின் வரலாற்றை வலைப்பக்கத்தில் பார்ப்பதற்கு நான்கு மென்பொருள்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாளாம். “பாக்க எது நல்லா இருக்கோ அதையே வெச்சுக்கலாமா மேடம்?” என்று கேட்டாள்.

“ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவருக்கு முன்னால் யார் தொட்டார் என்று ஒரே கிளிக்கில் காட்டுமா?” என்று கேட்டேன். அதைப் பார்க்கவில்லை என்றாள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தவள் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்த பிறகும் எனக்குச் சொல்ல மீதமிருந்தது. அந்த வருடங்களின் டைரிகளை அலமாரியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் குன்னூர்க்காரி. கணிதத்தில் பட்டம், கோவையில் ஆறு மாதக் கணினிப் பயிற்சி, பிறகு இருபத்தெட்டு வருடம் ஒரே நிறுவனம். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் மூன்று தொழிற்சாலைகள் எங்களுக்கு இருந்தன. தலைமை அலுவலகம் குன்னூரில். அங்கே கணினிப் பிரிவு என்பது நானும் செல்வராணியும்தான்.

செல்வராணி கூடலூர்ப் பக்கத்துப் பெண். அவள் தாத்தா காலத்தில் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அப்பா சிறு தோட்டங்களில் தினக்கூலிக்குத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவர். அவள் டிப்ளமோ முடித்து, குன்னூரில் விடுதியில் தங்கி எங்களிடம் ஐந்தாவது வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். நிரந்தரப் பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. இலை பறிக்கிற கூலிக்கே இலை விலை போதவில்லை. பலர் பறிக்காமலே விட்டதில் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. நிறுவனங்களும் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தன.

அந்தக் குறைப்பில்தான் போஜன் சார் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். இருபது வருடத்துக்கு மேல் டீ டேஸ்டராக இருந்தவர். தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் அறையை மூடியதும், அனுப்ப வேறு இடமில்லாமல் அவரைக் கணினிப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். முதல் நாளே எங்களிடம், “எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன்” என்றார். கோத்தகிரிப் பக்கத்துப் படகர். வீட்டில் பேசுவது வேறு மொழி என்பதால், தமிழை எடை போட்டு எடுத்துத் தருவதுபோல் பேசுவார். எதையும் பாராட்ட மாட்டார். மிக நல்ல தேயிலைக்கு அவர் கொடுக்கும் அதிகபட்ச மதிப்பெண் “குடிக்கலாம்” என்பதுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெயரை மூடிவிட்டுத்தான் பார்ப்பார். நாற்காலி வாங்க மூன்று கடைக்காரர்கள் விலைப்பட்டியல் அனுப்பினால், கடைப் பெயர் இருக்கும் மேல் பகுதியை மடித்து, கிளிப் போட்டுத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பார்.

இனி வேலையைச் சொல்கிறேன். மூன்று தொழிற்சாலைகளிலும் இலை எடை போடும் புரோகிராம் எங்களுடையது. அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ரிப்பாசிட்டரி என்ற சேமிப்பில் வைப்போம். பழையது எதுவும் அழியாது. யார் மாற்றினார், என்று மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற குறிப்பும் சேர்ந்து நிற்கும். அப்படி ஒரு மாற்றத்தைச் சேர்ப்பதற்குக் கமிட் என்று பெயர். என்னைப்போல் தினமும் டைரி எழுதுகிறவளுக்கு இதைவிடப் பிடித்த பொருள் உலகில் இருக்க முடியாது. ஒரே குறை, அதைப் பார்க்கக் கறுப்புத் திரையில் கட்டளைகள் அடிக்க வேண்டும். என்னையும் செல்வராணியையும் தவிர யாராலும் பார்க்க முடியாது.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த சி.டி.யில், அதே சேமிப்பை வலைப்பக்கமாகக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. முதல் பக்கம் திரையில் விரிந்த நேரம் காலை 11.05. டைரியில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். ஐந்து வருட வேலை முழுவதும் நீலமும் பச்சையுமாக வரிசை கட்டி நின்றது. எந்த வரியைத் தொட்டாலும் பக்கத்தில் எழுதியவர் பெயர். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். செல்வராணி கை தட்டினாள். வேறு ஒன்றையும் பார்க்காமல், அழகாக இருந்த அதையே தேர்ந்தெடுத்துவிட்டேன்.

எங்கள் பொது மேலாளர் ஜி.எம். வந்து பார்க்கப் போகிறார் என்றதும் எனக்கு ஒரு கவலை பிடித்தது. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது போல, புரோகிராம்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தோன்றியது. பழைய கோப்புகளில் வரிகள் கோணல்மாணலாகத் தொடங்கின. ஒன்று இரண்டு இடம் தள்ளி இருக்கும், இன்னொன்று ஐந்து இடம் தள்ளி. கணினிக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. எனக்கு இருந்தது. எல்லாக் கோப்புகளிலும் எல்லா வரிகளையும் நேர்செய்யும்படி செல்வராணியிடம் சொன்னேன். அக்டோபரில் நான்கு நாள் உட்கார்ந்து செய்து, அவள் பெயரில் கமிட் செய்தாள். நானும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து ரசித்தேன்.

ஜி.எம். கோயம்புத்தூர்க்காரர். வந்து பார்த்தார். எந்த வரி யாருடையது என்று அவரே தட்டிப் பார்க்க முடிந்ததில் அவருக்கு அளவில்லாத மகிழ்ச்சி. தன் மேசைக் கணினியிலும் அந்தப் பக்கம் தெரியும்படி வைக்கச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப் நிறைய விவசாயிகள் வந்தார்கள். கையில் இலை எடை ரசீதுகள். மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் எடையில் ஏறும். அதற்காக எடையில் கொஞ்சம் கழிப்பது எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள வழக்கம். வெயில் காலத்தில் நூறு கிலோவுக்கு இரண்டு, மழையில் எட்டு. இவர்களுக்கு ஜனவரியிலும் எட்டு கழிந்திருந்தது. முன்னால் நின்ற பெரியவர் சத்தம் போடவில்லை. ரசீதை ஜி.எம். மேசை மேல் விரித்து வைத்து, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

“மழை போயி எத்தற நாளாச்சு சாரே. எங்க இலையில மட்டும் வெள்ளம் எவிடேருந்து வருது?”

ஜி.எம். அவர்கள் முன்னாலேயே கணினியைத் திறந்து, கூடலூர்த் தொழிற்சாலைக்கு எட்டு என்று இருந்த வரியைத் தட்டினார். பக்கத்தில் செல்வராணி பெயர் வந்தது. அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்தில் அவள் கைப்பையோடு வெளியே அனுப்பப்பட்டாள். வெள்ளிக்கிழமை இயக்குநர் கூட்டம். அதில் வைக்கப்போகும் ஆட்குறைப்புப் பட்டியலின் தலையில் அவள் பெயர் ஏறியது.

அந்த எண்ணை மாற்றியது அவள் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். தொழிற்சாலையிலிருந்து யாரோ சொல்லி எப்போதோ மாறியிருக்கும் என்று நினைத்தேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பின்னோக்கிப் போனேன். அவளுடைய அக்டோபர் கமிட்டுக்கு அடியில் ஜூலை மாதக் கமிட் ஒன்று இருந்தது. இரண்டு எட்டாக மாறியது அங்கேதான். பெயர் என்னுடையது.

டைரியை எடுத்தேன். ஜூலையில் எழுதியிருந்தது: கூடலூர்த் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி, பலத்த மழை, 2-ஐ 8 ஆக்கினேன், அக்டோபரில் குறைக்க வேண்டும். அக்டோபர்ப் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் வலைப்பக்கம், வலைப்பக்கம், வரிகள் நேராகின்றன, அழகு. குறைத்ததாக ஒரு சொல் இல்லை. என் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை என்பதால், ஜீப் வந்த நிமிடத்திலும் டைரியைத் திறக்கத் தோன்றவில்லை.

நேராக ஜி.எம். அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

“ஏனுங்க கல்யாணி, இத்தனை வருசத்துல உங்க டேபிள்ல ஒரு பேப்பர் கோணலா இருந்து நான் பாத்ததில்லீங்க. நீங்க போயி மறந்துட்டேன்னா யாருங்க நம்புவாங்க? அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டு பழிய நீங்க எடுத்துக்காதீங்க.”

கறுப்புத் திரையைக் காட்டினேன். நான் ஏதோ அடிக்கிறேன், அது ஏதோ காட்டுகிறது, தனக்கு அதில் என்ன தெரியும் என்றார். டைரியைக் காட்டினேன். நேற்றுக்கூட எழுதியிருக்கலாம் என்று சிரித்தார். தன் மேசைக் கணினியைத் திருப்பி, நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அந்த அழகான பக்கத்தைக் காட்டினார். “இதுல யார் பேர் இருக்குதுங்க? இத வெச்சுக் குடுத்தது நீங்கதானுங்களே?”

அந்தப் பக்கம் கடைசியாகத் தொட்டவரை மட்டும்தான் காட்டும். அதற்கு முன்னால் போக அதில் வழியே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை செல்வராணி ஊரிலிருந்து எஸ்.டி.டி. பூத் வழியாகப் பேசினாள். அழவில்லை. “அப்பாவை யாரும் வேலைக்குக் கூப்பிடலை மேடம். ஒம் மக எங்க எலையத் தின்னுட்டாளேன்னு தோட்டத்துக்காரங்க சொல்றாங்களாம். நான் அந்த ஃபைல்ல எடம் மட்டும்தானே விட்டேன்?”

நான் போஜன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் குற்றத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. இதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருள்கள் உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன்.

“முதல் தடவை நீ ஒரே கோப்பையை வைத்து நல்ல தேயிலை என்று சொல்லிவிட்டாய். மூன்று கோப்பையாவது வை. ருசி பார்ப்பது ஜி.எம். அவர் கை, அவர் கண். காய்ச்சுகிறவர் ருசி பார்க்கக் கூடாது.”

எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. இரண்டாவது மென்பொருள் அதே பத்திரிகையின் வேறொரு சி.டி.யில் இருந்தது. மூன்றாவதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். எங்கள் இணைப்பு தொலைபேசி வழி மோடம். பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் அறுந்துவிடும். புதன்கிழமை இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை போஜன் சார் பக்கத்து அறைக்குப் போய், தொலைபேசி மேல் கையை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். பேச வந்த கணக்கரிடம், “தேயிலை ஊறுகிறது” என்றாராம். மதியம் 3.40-க்கு இறங்கி முடிந்தது. நிறுவ இரண்டு மணி நேரம்.

வியாழன் காலை 10.30. மூடிக் கிடந்த டேஸ்டிங் அறையைத் திறக்கச் சொன்னார். வடக்கு ஜன்னலுக்குக் கீழே நீளமான வெள்ளை ஓடு பதித்த மேடை. கிண்ணங்கள் வரிசையாக இருந்த இடத்தில் மூன்று கணினிகள். அவை எந்த மென்பொருள் என்று தெரியும் இடங்களிலெல்லாம் பழுப்புத்தாள் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம். தேயிலை ஊறுவதைக் கணக்கிடும் பழைய கடிகாரத்தை எடுத்து வைத்தார். என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது.

ஜி.எம். வேடிக்கையாகத்தான் உட்கார்ந்தார். சார் ஒரே கேள்வியை மூன்றுக்கும் கேட்டார். “இந்த எட்டை முதலில் எழுதியவர் யார்?”

முதல் கணினி, நான் தேர்ந்தெடுத்த அழகி. அரை நிமிடத்தில் ஜி.எம். செல்வராணி என்றார். சார், “அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?” என்றார். ஜி.எம். மேலும் கீழும் தேடினார். கடிகாரம் அடித்தது. சார் தன் குறிப்பேட்டில் எழுதினார்: நிறம் நன்று, அடியில் ஒன்றும் இல்லை.

இரண்டாவதிலும் செல்வராணி. பழைய பதிப்புகளின் நீண்ட பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே அந்த வரியை மறுபடி தேட வேண்டும். ஜி.எம். நான்காவது பதிப்பைத் திறப்பதற்குள் நேரம் முடிந்தது. சார் எழுதினார்: கனம் உண்டு, இறங்கத் தாமதம்.

மூன்றாவது பார்க்கவே நன்றாக இல்லை. சாம்பல் நிறம், சின்ன எழுத்து. அதிலும் செல்வராணிதான். பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கமிட்டின் எண் இருந்தது. ஜி.எம். அதைத் தட்டினார். அக்டோபரில் அவள் செய்த மாற்றம், முன்னும் பின்னுமாக இரண்டு பத்திகளில் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானுங்க இருக்குது. எட்டு இங்கியும் இருக்குது, அங்கியும் இருக்குது. கொஞ்சம் தள்ளி நிக்குது, அவ்வளவுதான்.”

அதற்குக் கீழே முந்தையது என்று ஒரு சுட்டி. அதையும் தட்டினார். பழைய கோணல் வரி வந்தது. பக்கத்தில் என் பெயர். மறுபடி எண்ணைத் தட்டினார். இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் எட்டு. மேலே ஜூலையில் நான் எழுதிய குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழாக. ஜி.எம். எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். “மழைக்காக இரண்டு எட்டு ஆனது. மழை நின்றதும் மாற்ற வேண்டும்.”

திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். முன்னும் பின்னுமாக மூன்று முறை தட்டினார்.

“அப்ப இத்தனை நாளா நான் பாத்துட்டிருந்தது, செவுத்துக்குக் கடைசியா வெள்ளையடிச்சவங்க பேரையா? கட்டினவங்க பேரு அடியில கெடக்குதா?”

“ஆமாங்க சார்” என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போஜன் சார் கடிகாரத்தை நிறுத்தினார். இன்னும் இரண்டு நிமிடம் பத்து விநாடி மீதமிருந்தது. மூன்றாவது திரையின் பழுப்புத்தாளைக் கிழித்தார். “குடிக்கலாம்” என்றார்.

ஜி.எம். எழுந்து, எனக்கு மெமோ வரும் என்றார். “வரட்டுங்க சார்” என்றேன். மெமோ வாங்குவதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஊழியர் எங்கள் நிறுவனத்தில் இருந்திருக்க மாட்டார். வெள்ளிக்கிழமைப் பட்டியலைத் தன் பேனாவாலேயே திருத்திவிட்டு, செல்வராணிக்குத் தகவல் சொல்லச் சொன்னார். மழை விட்ட பிறகும் கழித்த எடையையெல்லாம் விவசாயிகளுக்கு அடுத்தடுத்த ரசீதுகளில் சேர்த்துக் கொடுத்தோம்.

செல்வராணி திங்கட்கிழமை காலை வந்தாள். அவள் கையாலேயே மாறட்டும் என்று எட்டை அப்படியே விட்டிருந்தேன். அவளிடமே மாற்றச் சொன்னேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள்.

“நீங்களே அடிங்க மேடம். இதும் எம் பேர்ல வேணாம்.”

உட்கார்ந்து அடித்தேன். மூன்றாவது மென்பொருளில் போய்ப் பார்த்தோம். இரண்டு என்ற எண்ணும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஜூலைப் பக்கம், அக்டோபர்ப் பக்கம், அன்றைய பக்கம் மூன்றையும் அவள் அச்செடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை ஊருக்கு எடுத்துப் போய், இலை எடை போடும் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவள் அப்பா ஒவ்வொரு தாளாக விரல் வைத்து விளக்கினாராம். அடுத்த வாரமே கவாத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று செல்வராணி சொன்னாள். அடுத்த வருடம் அவள் நிரந்தரமானாள்.

விவசாயிகள் ஜீப்பில் வந்த அந்த வருடமும் ஜூலையில் மழை வந்தது. இரண்டு எட்டானது. அக்டோபர் இருபதில் தொழிற்சாலையைக் கூப்பிட்டுக் கேட்டுக் குறைக்க வேண்டும் என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். அதற்கு ஒரு வாரம் முன்பே, ஒரு காலை, தொலைபேசி அடித்தது. கொட்டகையில் இருந்தவர்கள் செல்வராணியின் அப்பா கையில் ரிசீவரைக் கொடுத்திருந்தார்கள். ஆபீஸ் தெரிந்த ஆள் என்று.

“அம்மா, மழ விட்டுருச்சுங்க. எலை காஞ்சுதான் வருது. அந்த நம்பர எறக்கிருங்க.”

தொழிற்சாலையில் ஒரு வார்த்தை உறுதி செய்துகொண்டு மாற்றிவிடுகிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்றேன். வேண்டாம், காத்திருக்கிறேன் என்றார். இன்னொரு இணைப்பில் தொழிற்சாலையைக் கேட்டேன். சரி என்றார்கள். எட்டை இரண்டாக்கினேன். கமிட் செய்தேன். அவர் அதுவரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இலை மூட்டைகளை இறக்கும் சத்தம் கேட்டது.

“போட்டுட்டேங்க” என்றேன்.

“யாரு பேர்லம்மா?”

“எம் பேர்லதாங்க.”

“செரிங்கம்மா. அப்ப வச்சிர்றேன்.”